அறியாக் குறையும் விற்பவர் கடனும்

வீடியோ கேம் கன்சோல் ஒன்று வெளியாகும் நாளிலேயே அதை வாங்கிவிடுவதா, ஓராண்டோ ஈராண்டோ பொறுத்திருந்து வாங்குவதா என்னும் கேள்வி பொதுவாகச் சிக்கனம் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. பொறுத்தவருக்கு விலை குறையும், பழுது குறையும், விளையாட்டுகள் பெருகும் என்பார்கள். பொறுக்காதவருக்குப் புதுமையின் இன்பம் முன்கூட்டியே கிடைத்துவிடும் என்றும் சொல்வார்கள். ஆனால் இந்த வரவு செலவுக் கணக்குக்கு அடியில் அறவியல் சார்ந்த பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. விற்பவருக்கே முழுதாகத் தெரியாத ஒரு பொருள் கைமாறும்போது, அந்தத் தெரியாமையால் விளையும் இழப்பை யார் சுமக்க வேண்டும்? தானிய வணிகர் ஒருவரை முன்வைத்து ஸ்டோயிக் சிந்தனையாளர்கள் வாதிட்டதும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் விற்பனையில் நேரும் அநீதிகளை வகைப்படுத்தியதும், இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நிச்சயமற்ற வணிகத்துக்கு வரம்பு கட்டியதும் இக்கேள்விக்கு விடை தேடியே ஆகும். அவர்கள் வகுத்த வேறுபாடுகளைக் கொண்டு நோக்கினால், முதல் நாளில் வாங்குபவர் அடையக்கூடிய இழப்புகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதும், அவற்றுள் சில விற்பவர் தீர்க்க வேண்டிய கடன் என்பதும், சில வாங்குபவர் அறிந்து ஏற்க வேண்டியவை என்பதும் தெளிவாகும்.

கன்சோல் என்பது தொலைக்காட்சியுடன் இணைத்தோ கையில் வைத்தோ விளையாடுவதற்கென்றே உருவாக்கப்படும் கணினி. ஒரு தலைமுறைக் கருவி பல ஆண்டுகள் சந்தையில் நிலைக்கும் என்னும் கணிப்பில் அது வடிவமைக்கப்படுகிறது. தயாரிப்பு நிறுவனம் கருவியில் பெறும் இலாபத்தைவிட, பின்னர் விற்கும் விளையாட்டுகளிலும் பிற நிறுவனங்கள் செலுத்தும் உரிமத் தொகையிலும் பெறும் இலாபத்தையே பெரிதும் நம்பியிருப்பதால், வெளியீட்டு நாளிலிருந்தே இயன்ற அளவு கருவிகளை வீடுகளில் சேர்த்துவிட விரைகிறது. ஆனால் மூன்றாண்டுப் பயன்பாட்டில் ஒரு கருவிக்கு என்ன நேரும் என்பதை, எவரேனும் மூன்றாண்டு பயன்படுத்தாமல் உறுதியாக அறிய இயலாது. மிகுந்த வெப்பத்துக்கும் இடைவிடாத இயக்கத்துக்கும் கருவியை உட்படுத்தி, ஆண்டுகளின் தேய்மானத்தை வாரங்களில் வரவழைத்துப் பார்க்கும் விரைவுச் சோதனைகள் உண்டு என்றாலும், அவை முன்பே ஊகித்த பழுதுகளைத் தேடுவதில்தான் வல்லவை. எவரும் ஊகிக்காத பழுது பல இலட்சம் வீடுகளின் தூசியிலும் புழுக்கத்திலுமே முதன்முதலில் தலைகாட்டும். அவ்வாறு வெளிப்படும் குறைகள் அடுத்தடுத்த உற்பத்தித் தொகுதிகளில் களையப்படுவதால், முதல் நாளில் வாங்குபவர் அறிந்தோ அறியாமலோ அந்தக் கருவியின் சோதனையில் கடைசிக் கட்டத்தை நடத்திக் கொடுக்கிறார் என்று சொல்வது மிகையன்று.

இதற்குத் தெளிவான சான்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005 நவம்பர் 22 அன்று வட அமெரிக்காவில் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360. அதன் முகப்பில், இயக்கும் பொத்தானைச் சுற்றி, நான்கு கால்வட்டங்களாகப் பிரிந்த ஒளிவளையம் ஒன்று இருக்கும். கருவி நன்கு இயங்கும்போது பச்சை ஒளி காட்டும் அந்த வளையத்தின் மூன்று கால்வட்டங்கள் சிவப்பாகச் சிமிட்டினால், உள்ளே வன்பொருள் பழுதாகிவிட்டது என்று பொருள். விளையாடுவோர் அதற்கு ‘மரணச் சிவப்பு வளையம்’ என்று பெயரிட்டனர். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சூடேறி விரிந்து, அணைக்கும்போது குளிர்ந்து சுருங்கிய சிப் பகுதியின் நுண்ணிய இணைப்புகள் நாளடைவில் முறிந்துபோனதே பழுதின் காரணம். வாரண்டி முடிந்தவர்களில் சிலர் கருவியைத் துண்டால் இறுகச் சுற்றி, காற்றுப் போகும் வழிகளை அடைத்து ஓடவிட்டனர்; உள்ளே வெப்பம் கூடி, விட்டுப்போன இணைப்புகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. தீப்பற்றும் அபாயம் உடைய அந்த வழியில் சில கருவிகள் சிறிது காலம் இயங்கின, பின்பு நின்றன. அமெரிக்காவில் தொடக்கத்தில் 90 நாள்களாக இருந்த வாரண்டி 2006 டிசம்பரில் ஓராண்டாக்கப்பட்டது. 2007 ஜூலையில், இந்தக் குறிப்பிட்ட பழுதுக்கு வாங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு வாரண்டி உண்டு என்று அறிவித்த நிறுவனம், முன்பே பணம் கொடுத்துப் பழுது நீக்கியவர்களுக்கு அத்தொகையைத் திருப்பித் தரவும் முன்வந்து, அதற்கென 105 கோடி முதல் 115 கோடி டாலர் வரை செலவாகும் என்று கணக்கிட்டது. வெளியீட்டுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே கழிந்த காலம் ஏறத்தாழ இருபது மாதங்கள்.

இந்த நிகழ்வை மதிப்பிடும்போது பெரும்பாலோர் முதலில் எழுப்பும் கேள்வி, நிறுவனத்துக்குக் குறை முன்பே தெரியுமா என்பதாகும். அக்குவினாஸின் (1225–1274) ஆய்வு இந்த இடத்தில் பெரிதும் துணைசெய்கிறது. தமது இறையியல் பெருநூலில் விற்பனை குறித்து எழுதும்போது, விற்ற பொருளில் மூன்று வகைக் குறைகள் இருக்கலாம் என்கிறார் அவர்: பொருளே வேறாக இருப்பது, அளவு குறைவது, தரம் குறைவது. இவற்றுள் எதையும் அறிந்தே மறைத்து விற்றவர் பாவம் செய்தவர். இழப்பை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவர். அறியாமல் விற்றவர் பாவம் செய்தவரல்லர். ஆயினும் குறை தமக்குத் தெரியவந்த பிறகு, வாங்கியவரின் இழப்பை ஈடுசெய்ய அவரும் கடமைப்பட்டவரே. இதன்மூலம் அக்குவினாஸ் குற்றத்தையும் கடனையும் பிரித்துவிடுகிறார். குற்றம் விற்றவரின் மனத்தைப் பொறுத்தது. கடன் கைமாறிய மதிப்பைப் பொறுத்தது. முழு விலையைப் பெற்றுக்கொண்டு குறையுள்ள பொருளைக் கொடுத்தவரிடம், அவர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், பிறருக்குரிய பணத்தில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. அதைத் திருப்பித் தருவதற்கு அவருடைய மனநிலையை விசாரித்து முடிக்க வேண்டிய தேவை இல்லை.

இப்பகுப்பை ஏற்றால், வாரண்டி என்னும் ஏற்பாட்டின் பொருளே மாறிவிடுகிறது. வாரண்டியை நிறுவனம் தன் விருப்பத்தால் அளிக்கும் சலுகையாகவும், அதன் நீட்டிப்பைப் பெருந்தன்மையாகவும் காண்பது வழக்கம். ஆனால் தொழிற்சாலையில், வடிவமைப்பிலேயே பிறந்துவிட்ட குறை, வாங்கியவரின் வீட்டில் பதினைந்தாம் மாதத்தில் வெளிப்படுகிறது என்றால், அது வெளிப்பட்ட நாள்தான் பதினைந்தாம் மாதம். அது தோன்றிய நாள் விற்பனைக்கு முந்தியது. ஆகவே தொண்ணூறாம் நாளோடு பொறுப்பு முடிந்தது என்னும் விதி, தேய்மானத்தால் வரும் பழுதுக்குப் பொருந்தலாமே தவிர, உள்ளிருந்தே வந்த குறைக்குப் பொருந்தாது. முதல் தொகுதிக் கருவிகளில் பழுது மிகுதியாக இருக்கும் என்பது வாங்குபவருக்கும் தெரிந்ததுதானே, தெரிந்து வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டவர் ஆகாரா என்று ஒருவர் கேட்கக்கூடும். குறை கண்ணுக்குத் தெரிவதாக இருந்தால், உதாரணமாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது வெளிப்படையாக இருந்து விலையும் அதற்கேற்பக் குறைந்திருந்தால், விற்பவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று அக்குவினாஸும் ஒப்புகிறார். ஆனால் புதிய பொருள்களில் பழுது வரக்கூடும் என்ற பொது அறிவு வேறு, இந்தக் கருவியின் இந்த இணைப்பு இன்ன காரணத்தால் முறியும் என்ற சிறப்பு அறிவு வேறு. பொது அறிவு வாங்குபவரை எச்சரிக்கையுடன் நடக்கச் சொல்லும். விற்பவரின் கடனைத் தள்ளுபடி செய்யும் வலிமை அதற்கு இல்லை. மேலும், முதல் நாள் விலை பொதுவாக முழு விலையாகவே இருக்கிறது. குறையை எதிர்பார்த்துத் தள்ளிக் கொடுத்த விலையாக இருப்பதில்லை.

இரண்டாம் வகை இழப்பு விலை பற்றியது. கண்ணாடி அணியாமலே முப்பரிமாணக் காட்சியைக் காணத்தரும் 3டிஎஸ் என்னும் கைக்கருவியை நின்டெண்டோ நிறுவனம் 2011 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் 25,000 யென்னுக்கும், மார்ச் 27 அன்று அமெரிக்காவில் 249.99 டாலருக்கும் வெளியிட்டது. விற்பனை எதிர்பார்த்தபடி அமையாததால், அதே ஆண்டு ஆகஸ்டில் விலை 15,000 யென்னாகவும் 169.99 டாலராகவும் குறைக்கப்பட்டது. முதலில் வாங்கிய ஜப்பானியர், ஆறு மாதம் பொறுத்த அண்டை வீட்டாரைவிட 10,000 யென் கூடுதலாகக் கொடுத்தவராயினர். நிறுவனத்தின் தலைவர் சதோரு இவாட்டா வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்துத் தமது ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விலைக்குறைப்புக்கு முன் வாங்கி, நிறுவனத்தின் இணையக் கடையில் ஒருமுறையேனும் இணைந்தவர்களுக்கு, பழைய கருவிகளுக்கென உருவான 20 விளையாட்டுகள் இலவசமாக வழங்கப்பட்டன.

இங்கே கருவியில் குறை எதுவும் இல்லை. அது மார்ச்சில் எப்படி இயங்கியதோ அப்படியே ஆகஸ்டிலும் இயங்கியது. எனில் முதலில் வாங்கியவருக்கு அநீதி நேர்ந்ததா? இந்தக் கேள்விக்கு அக்குவினாஸுக்கும் முந்திய வரலாறு உண்டு. கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலைக் கொண்டுவரும் ஒரு நல்ல வணிகர் வருகிறார். வேறு பல கப்பல்களும் புறப்பட்டுவிட்டன என்பதை அவர் வழியில் கண்டிருக்கிறார். அதை மக்களிடம் சொன்னால் விலை உடனே விழும். சொல்லாவிட்டால் உயர்ந்த விலைக்கு விற்கலாம். சட்டம் கேட்பதற்கு மேல் எதையும் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்பது ஸ்டோயிக் அறிஞர் டயோஜெனிஸின் நிலை; மனிதர் அனைவரும் ஒரே சமூகத்தினர் ஆதலால், விற்பவர் அறிந்தது எதையும் வாங்குபவர் அறியாதிருத்தல் ஆகாது என்பது அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரின் நிலை. சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார். அக்குவினாஸோ இருவருக்கும் இடையே ஒரு வழியைக் காண்கிறார். குறையுள்ள பொருளின் மதிப்பு விற்கும் அந்தக் கணத்திலேயே குறைந்திருக்கிறது. தானியத்தின் மதிப்போ இனிமேல்தான் குறையப்போகிறது. ஆகவே அன்றைய விலைக்கு விற்றவர் நீதியை மீறியவர் ஆகார். ஆனால் வரவிருப்பதைச் சொல்லியோ விலையைக் குறைத்தோ விற்பாராயின், அவர் நீதியின் கட்டாயத்துக்கும் மேலான நற்பண்பைக் காட்டியவர் ஆவார்.

இந்த அளவுகோல் இரு நிகழ்வுகளையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. எக்ஸ்பாக்ஸ் 360இன் பழுதுக்கு அளித்த ஈடு நீதியின்பாற்பட்டது. தராதிருந்தால் அது கடனை மறுத்ததாகியிருக்கும். 3டிஎஸ் வாங்கியோருக்கு வழங்கிய விளையாட்டுகள் நல்லுறவின்பாற்பட்டவை. தராதிருந்தால் கசப்பு மிஞ்சியிருக்குமே ஒழிய, கடன் மிஞ்சியிருக்காது. எதிர்கால விலை பொருளின் குணமன்று என்பதைப் பிளேஸ்டேஷன் 5இன் வரலாறு மறுபக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. 2020 நவம்பரில் வெளியான அக்கருவியின் விலையைச் சோனி நிறுவனம் 2022 ஆகஸ்டில் ஐரோப்பா உள்ளிட்ட பல சந்தைகளில் உயர்த்தியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் உயர்த்தியது. அங்கே பொறுத்தவரே கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது. விலை ஏறியபோது முதலில் வாங்கியவர் வித்தியாசத்தை நிறுவனத்துக்குச் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர் என்றால், விலை இறங்கும்போது நிறுவனம் செலுத்தக் கடமைப்பட்டது என்று வாதிடுவதும் பொருந்தாது.

மூன்றாம் வகை இழப்பு இவை இரண்டையும்விட நுட்பமானது. கன்சோலை வாங்குபவர் கருவிக்கு மட்டும் பணம் தருவதில்லை. அதற்கென இனி உருவாகப்போகும் விளையாட்டுகளை எண்ணியும் தருகிறார். சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் 199 டாலருக்கு வெளியாகிப் பாராட்டுப் பெற்ற கருவி. ஆனால் 2001 ஜனவரி 31 அன்று, பதினேழு மாதங்கள்கூட நிறையாத நிலையில், அதன் உற்பத்தி மார்ச்சுடன் நிறுத்தப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. 2012 நவம்பரில் வெளியான நின்டெண்டோவின் வீ யூ கருவி, உலகெங்கும் ஏறத்தாழ 1.35 கோடி மட்டுமே விற்று, 2017 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இக்கருவிகள் பழுதாகவில்லை; அவற்றைச் சூழ்ந்து வளரும் என்று எதிர்பார்த்த உலகம் வளரவில்லை.

இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் ‘கரர்’ என்றொரு கருத்து உண்டு. விற்கும் பொருள் உண்டா, கைக்கு வருமா, எத்தகையது என்பவை மறைந்திருக்கும் நிச்சயமின்மையை அது குறிக்கிறது. அத்தகைய நிச்சயமின்மை மிகுந்த விற்பனை விலக்கப்பட்டது. நீரில் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் பிடிப்பதற்கு முன்பே விற்பதைச் சட்ட அறிஞர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அதே சட்டம் ‘ஸலம்’ என்னும் முன்விற்பனையை அனுமதிக்கிறது: வகை, அளவு, தரம், ஒப்படைக்கும் நாள் ஆகியவை ஐயமின்றி வரையறுக்கப்பட்டு, முழு விலையும் முன்னதாகவே செலுத்தப்பட்டால், இன்னும் விளையாத தானியத்தையும் விற்கலாம். இக்கருத்துகள் கன்சோல் விற்பனைக்கு நேரடியாகத் தீர்ப்புச் சொல்ல எழுந்தவை அல்ல எனினும், அவை காட்டும் வேறுபாடு இங்கே பயன்படுகிறது. இன்ன திறனுள்ள கருவி இன்ன நாளில் கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் பெறுவது ஸலத்துக்கு நெருங்கியது. எதை ஒப்படைக்க வேண்டும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பெயர் மட்டும் அறிவிக்கப்பட்ட, நாள் குறிக்கப்படாத, எப்போது வேண்டுமானாலும் கைவிடப்படக்கூடிய விளையாட்டோ நீரில் உள்ள மீன். அதற்காகப் பணம் தருபவர் தாம் விலைக்கு வாங்கியது நம்பிக்கையை என்பதை உணர்ந்திருக்க வேண்டும். வெளியீட்டு நாளில் கடையில் கிடைக்கும் விளையாட்டுகளே கொடுத்த விலைக்குப் போதும் என்று கருதுபவர் எத்தனை டிரீம்காஸ்ட் நின்றாலும் ஏமாந்தவர் ஆகார்.

விற்றபின் பொருளையே மாற்றும் செயலை இவற்றோடு சேர்க்கக் கூடாது. 2006இல் வெளியான பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வசதி இருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த மென்பொருள் புதுப்பிப்பு அதை நீக்கியது. புதுப்பிக்க மறுத்தவர் இணையவழி விளையாட்டை இழக்க நேர்ந்தது. இது அறியாமையின் விளைவும் அன்று, காலத்தின் விளைவும் அன்று. விற்றதில் ஒரு பகுதியை விற்றவரே திரும்ப எடுத்துக்கொண்ட செயல். மேலே கண்ட எந்த மரபும் இதற்கு இடம் தராது.

இதுவரை விற்பவரின் கடமையே பேசப்பட்டது. வாங்குபவர் தம் மனத்துக்குச் செய்ய வேண்டிய விசாரணையும் உண்டு. திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம், அரசனுக்கு உரைத்ததாயினும், எவருக்கும் பொருந்தும் முறையில், ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்னர் அதனால் கிடைப்பது எது என்று எண்ணிய பிறகே இறங்கச் சொல்கிறது. இந்த எண்ணத்தின்போது இரு ஆசைகளைப் பிரித்தறிதல் வேண்டும். விளையாட்டின்மேல் கொண்ட ஆசைக்குப் பொருள் உண்டு; அது நிறைவேறும், நிறைவேறினால் அடங்கும். பிறருக்கு முன்பே பெற்றுவிட வேண்டும் என்ற ஆசைக்கு அத்தகைய பொருள் இல்லை. அது அடுத்த கருவியின் அறிவிப்பு வரும்வரை மட்டுமே நிறைவு தரும். முன்னதன் பொருட்டு முதல் நாளில் வாங்குபவர் தாம் ஏற்கும் இடரை அறிந்து ஏற்கலாம். பின்னதன் பொருட்டு, அதுவும் கடன் தவணையில் வாங்குபவர், கருவியில் ஒரு குறையும் இல்லாதபோதும் இழப்புக்கு உள்ளானவரே.

எனில் எல்லோரும் பொறுத்திருந்தே வாங்க வேண்டும் என்று அறிவுறுத்துவது முடிவான அறமாகுமா? ஒருவரது செயல்விதி எல்லோருக்கும் பொது விதியாகும் என்று விரும்ப இயலுமா என்று இம்மானுவேல் காண்ட் கேட்டார். ‘பிறர் வாங்கிச் சோதித்த பிறகே வாங்குவேன்’ என்னும் விதியை எல்லோரும் பின்பற்றினால், சோதிப்பவர் எவரும் இருக்கமாட்டார். விளையாட்டை உருவாக்குவோர் வாங்குவோர் இல்லாத கருவியைக் கைவிடுவர். பொறுத்தவர் காத்திருந்த பொருளே சந்தையில் இராது. ஆகவே காத்திருப்பவரின் விவேகம், காத்திராதவரின் இழப்பைச் சார்ந்தே நிற்கிறது. இதனால் காத்திருத்தல் தவறாகிவிடாது. ஒவ்வொருவரின் கைப்பொருளும் பொறுப்புகளும் வேறுவேறு. ஆனால் அவசரப்பட்டவர் அனுபவிக்கட்டும் என்னும் ஏளனத்துக்கு அது இடமில்லாமல் செய்கிறது. திருத்தப்பட்ட கருவியை இன்று பயன்படுத்துபவர், அதன் குறைகளைத் தம் செலவில் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களின் பயனைத் துய்க்கிறார்; அவர்களுக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையில் அவரும் சேர்ந்து குரல் கொடுப்பதே அதற்குரிய கைம்மாறு.

அந்தக் கோரிக்கை சட்டமாகவும் உருப்பெறக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றி, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த பொருள் விற்பனை நெறிமுறை, விற்பவரின் பொறுப்பைக் குறைந்தது இரண்டாண்டு என வகுத்து, ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை, வேறாக மெய்ப்பிக்கப்படும்வரை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும் என்று கூறுகிறது. குறை தோன்றிய நாளும் வெளிப்பட்ட நாளும் வேறு என்ற உண்மையை அது ஏற்று, மெய்ப்பிக்கும் சுமையை விற்பவர் தோளில் வைக்கிறது. விற்பவர் அறியாமல் செய்திருந்தாலும் ஈடு தர வேண்டும் என்ற அக்குவினாஸின் முடிவுக்கு நவீனச் சட்டம் இந்த அளவுக்கு நெருங்கி வந்திருக்கிறது. ஆனால் வடிவமைப்பிலேயே பிறந்த குறைகளைப் பொறுத்தவரை, அவை எப்போது வெளிப்படினும் பொறுப்பு உண்டு என்பதே நீதி.

முதல் நாள் விற்பனையில் புதியது என்ன என்பது குறித்த அறிவு இரு தரப்பிலும் முழுமையாக இல்லை. அந்த அறிவு பிறப்பது வாங்கியவர்களின் வீடுகளில். அதனால் பயனடைவது தயாரிப்பாளர். பயன் ஒருவருக்கும் இழப்பு மற்றொருவருக்கும் என்னும் பகிர்வை எந்த நீதி மரபும் ஏற்றதில்லை. எதிர்கால விலையையும் இன்னும் உருவாகாத விளையாட்டுகளையும் பற்றிய இடரை வாங்குபவர் தம் விருப்பத்தோடு ஏற்றுக்கொள்ளலாம், ஏனெனில் அவை எவராலும் உறுதியளிக்க முடியாதவை. கருவியின் உள்ளே மறைந்திருக்கும் குறையின் இடரை விற்பவரே ஏற்க வேண்டும், ஏனெனில் அந்தக் கருவியை உருவாக்கியவரும், அதை ஓராண்டு தாமதித்துச் சோதிக்கும் உரிமை இருந்தும் இன்றே விற்பதென முடிவுசெய்தவரும் அவர்தான்.